நடு முட்டு

மூடிப் பலகையை நகர்த்தியபோது நாற்றம் வரவில்லை. கர்ணன் எதிர்பார்க்காதது அதுதான். மூக்கில் கட்டிக்கொள்ள விக்ஸ் தடவிய துண்டு ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தான். அதைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, இரண்டடிச் சதுர ஓட்டையின் விளிம்பில் குந்தி, நாய் மாதிரி மோந்து பார்த்தான். ஈரச் சிமெண்டு வாசம் வந்தது. நனைந்து ஊறிய சவுக்குக் கட்டையின் புளித்த வாசம் வந்தது. ஒன்பது நாளாக உள்ளே செத்துக் கிடக்கிற மனுசனின் வாசம் மட்டும் வரவில்லை.

தேனியில் போடி ரோட்டை ஒட்டி, முந்தின வருசம் வரை நெல் விளைந்த இடத்தில் அந்த வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. கீழே கடைகள், மேலே கல்யாண மண்டபம், அதற்கும் மேலே லாட்ஜ். அது 2007. நாற்று நட்ட வயலிலெல்லாம் கல் நட்டு பிளாட் போட்டுக்கொண்டிருந்தார்கள். வளாகத்தின் முன்வாசலில், மண்ணுக்குள், முப்பதடி நீளத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று. அதன் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டு ஒன்பதாம் நாள் இது. அந்தத் தளத்தைத் தாங்கிக்கொண்டு தொட்டிக்குள் நாற்பத்தைந்து முட்டுக்கம்புகள் நிற்கின்றன. நீளவாக்கில் ஒன்பது வரிசை, வரிசைக்கு ஐந்து. அவற்றைத் தட்டி எடுத்து, பலகைகளைக் கழற்றி, இந்த ஓட்டை வழியாக மேலே ஏற்ற வேண்டும். சென்ட்ரிங் வேலைக்காரன் கர்ணனுக்கு அதுதான் பிழைப்பு.

இருபத்தோரு நாள் ஆகாமல் முட்டுகளை எடுக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் இன்ஜினியர் விஜய்ராஜ், சின்னமனூர் வேலைக்குப் பலகை வேண்டுமென்று பறந்தார். கர்ணனும் தலையை ஆட்டிவிட்டான். இன்னும் பன்னிரண்டு நாள் விட்டால் நாற்றம் ரோட்டுக்கு வந்துவிடும், வேறு ஆள் இறங்கினால் கதை முடிந்துவிடும். "ஒத்தையிலயே பாத்துக்கிறேன் சார், நீங்க கவலைய விடுங்க" என்றான். ஆட்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கலைந்து போகிற ஒரு மணி நேரம் போதும். சாக்கில் கட்டி ஏற்றி, பின்பக்கம் சாயங்காலம் கான்கிரீட் விழப்போகிற தூண் குழிக்குள் தள்ளி, நாலு சட்டி ஜல்லியைப் போட்டுவிட்டால் ஆயிற்று. அப்புறம் அந்தத் தூணின் மேல் மூன்று மாடி ஏறிவிடும்.

செத்தவன் காமராஜ். கர்ணனின் கூட்டாளி, அதைவிட முக்கியம், அவன் மனைவி கருத்தம்மாளின் கூடப்பிறந்த அண்ணன்.

அந்தக் கருத்தம்மாள்தான் இப்போது தளத்தின் மேல் நின்று, கான்கிரீட்டில் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தளம் காயாமல் நனைப்பது அவள் வேலை. வாளியை வைத்துவிட்டு ஓட்டையருகே வந்தாள்.

"ஏங்க, இன்னைக்காச்சும் அண்ணன் போன் போட்டாகளா?"

"கேரளாவுல, மச்சான் வேலைக்குப் போன அடிமாலிப் பக்கம், மலையில டவர் கெடைக்காது. எத்தன வாட்டி சொல்றது? போயி வேலையப் பாரு."

அண்ணனின் செல்போன் முல்லையாற்றுக்குள் கிடப்பது அவளுக்குத் தெரியாது. தெரியக் கூடாது. கர்ணனுக்கு ஜெயிலைப் பற்றிக்கூட அத்தனை பயம் இல்லை. இவள் முகத்தில் அது தெரிந்துவிடுகிற நிமிசம்தான் பயம்.

ஏணியில் இறங்கினான். மேலே கொளுத்தும் வெயில், உள்ளே கழுத்தைப் பிடிக்கிற புழுக்கம். ஓட்டைக்கு நேர் கீழே மட்டும் ஒரு சதுரம் வெளிச்சம் கிடந்தது. அதைத் தாண்டினால் கம்புகளும் அவற்றின் நிழலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எங்கோ தண்ணீர் சொட்டியது. டார்ச்சை அடித்தான். அது எதிர்ச் சுவர் வரை எட்டவில்லை.

காமராஜும் அவனும் பன்னிரண்டு வருசமாக ஒரே மாதிரிதான் பிரிப்பார்கள். ஆளுக்கொரு சுவர். இவன் ஏணிப் பக்கத்திலிருந்து தொடங்குவான், அவன் எதிர்ப் பக்கத்திலிருந்து. தட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். ஆளுக்கு இருபத்திரண்டு கம்பு போக, நட்டநடுவில் ஒன்று மிஞ்சும். அந்த நடு முட்டுக்கம்பை மட்டும் தனியாக யாரும் தொடுவதில்லை. இரண்டு பேரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வார்கள். காமராஜ் எண்ணுவான். ஒண்ணு, ரெண்டு, எடு.

கம்பம் ஊரில் ஒரு வீட்டு வேலையில் அந்த ஒழுங்கைக் கெடுத்தவன் கர்ணன். எட்டாம் நாளே முட்டுகளைப் பிடுங்கச் சொன்னான். காமராஜ் தடுத்தும் கேட்கவில்லை. தளம் அப்படியே உட்கார்ந்தது. கீழே செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த சங்கிலியம்மாள் என்கிற சித்தாளின் ஒரு கை மட்டும்தான் வெளியே தெரிந்தது. முழங்கை வரை சிவப்புக் கண்ணாடி வளையல். அதில் ஒன்றுகூட உடையவில்லை.

சாரம் சரிந்துவிட்டது என்று போலீஸில் சொன்னார்கள். காமராஜும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான், இரண்டு மாதம். இந்தத் தொட்டிக்குக் கான்கிரீட் போட்ட அன்று, மேலே கலவை மெசின் காதைப் பிளக்க ஓடிக்கொண்டிருந்தபோது, முட்டுகளைக் கவனிக்க இவர்கள் இரண்டு பேரும் மட்டும் உள்ளே இருந்தபோது, மெதுவாகச் சொன்னான்.

"மாப்ள, நாளைக்கு ஸ்டேசனுக்குப் போயி உள்ளதச் சொல்லிரப் போறேன். கண்ண மூடுனா அந்தப் பிள்ள கைதான் தெரியுது."

கர்ணன் கெஞ்சினான். காலைக்கூடத் தொட்டான். காமராஜ் எதிர்ச் சுவரோரம் குனிந்து ஓர் ஆப்பை இறுக்கினான். பின்மண்டையில் சுத்தியல் இறங்கியது. எலும்பு உள்வாங்குவது கைப்பிடி வழியாகக் கர்ணனின் தோள் வரை தெரிந்தது. காமராஜ் விழவில்லை. திரும்பி, "மாப்ள" என்றான், ஆப்பை எடுத்துக் கொடு என்று கேட்கிற குரலில். அடுத்த அடி வாயில் விழுந்தது. பல் தெறித்துப் பலகையில் பட்டது. அதற்கப்புறம் எத்தனை அடி, எங்கெங்கே என்று கர்ணன் பார்க்கவில்லை. கை சலிக்கும் வரை அடித்தான். மூலையில் இழுத்துப் போட்டு, மீந்திருந்த சிமெண்டு மூட்டையை அறுத்து மேலே கொட்டினான். தளத்திலிருந்து ஒழுகிய தண்ணீர் அதைக் குழைத்துக்கொண்டது.

இப்போது அந்த மூலையை நோக்கிக் கம்புகளுக்கிடையில் நுழைந்து நுழைந்து போனான். ஆறாவது வரிசை, ஏழாவது. அடுத்த கம்பைப் பிடிக்க நீட்டிய கை காற்றில் துழாவியது.

எட்டாவது வரிசை இல்லை. ஒன்பதாவதும் இல்லை.

டார்ச்சைத் தாழ்த்தினான். பத்துக் கம்புகளும் சுவரோரம் அளவுவாரியாக அடுக்கியிருந்தன. பலகைகள் சிமெண்டு சுரண்டித் துடைத்திருந்தன. பக்கத்தில் ஒரு பெயிண்டு டப்பா. அதில் பிடுங்கின ஆணிகள், ஒவ்வொன்றும் வளைவு தட்டி நிமிர்த்தப்பட்டு. ஆணியை நிமிர்த்திச் சேர்த்து வைக்கிற கிறுக்கு தேனி ஜில்லாவிலேயே ஒருவனுக்குத்தான் உண்டு. அதைச் சொல்லிச் சொல்லிக் கர்ணன் அவனைக் கேலி செய்திருக்கிறான்.

மூலையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சிமெண்டு இறுகிக் கிடந்தது. நடுவில் ஓர் ஆள் படுத்திருந்த குழி. தலை, தோள், மடங்கிய முழங்கால், எல்லாம் அச்சாகத் தெரிந்தது. விளிம்பில் கொஞ்சம் முடியும் கைலித் துணியும் ஒட்டியிருந்தன. குழி காலியாக இருந்தது. அதன் ஓரங்கள் உள்ளிருந்து வெளியே உடைந்திருந்தன.

கர்ணனுக்கு மூத்திரம் கால் வழியே இறங்கியது. அவமானமாக இருந்தது, பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

டக். டக். டக்.

வலப்பக்கம் இருட்டில் ஆப்பைத் தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, அப்புறம் மரத்திலிருந்து ஆணி கிறீச்சிட்டு வெளியே வருகிற சத்தம். ஒரு கம்பு சாய்ந்தது. அதைத் தரையில் போடாமல், யாரோ பதமாகப் படுக்க வைத்தார்கள்.

கர்ணன் பின்வாக்கில் நகர்ந்தான். டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பத் தைரியம் வரவில்லை. தலைக்கு மேலே மனைவியின் காலடி கேட்டது, மெட்டி கான்கிரீட்டில் உரசியது. ஓட்டை வழியாக அவள் குரல் வந்தது.

"ஏங்க, அண்ணன் வந்துட்டாகளா?"

கர்ணன் ஓட்டைப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"ஏன் கேக்குற?" என்றான்.

"ரெண்டு சுத்தியல் சத்தம் கேக்குதே. ஏணிப் பக்கம் நீங்க தட்டுறீக. அங்கன இன்னொண்ணு கேக்குது. அண்ணன்தான அது?"

கர்ணன் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். சுத்தியல் இடுப்பிலேயே இருந்தது. இறங்கியதிலிருந்து அவன் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை.

அப்போதுதான் அவனுக்கும் கேட்டது. முதுகுக்குப் பின்னால், அவன் தப்பித்துப் போக வேண்டிய ஏணிப் பக்கத்தில். டக். டக். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணாடி வளையல்கள் குலுங்கின.

ஆளுக்கொரு சுவர்.

அந்தப் பக்கமும் கம்புகள் சாய்ந்தன. இந்தப் பக்கமும் சாய்ந்தன. அவசரமில்லை. பதற்றமில்லை. வரிசை வரிசையாக வந்தார்கள். தளத்தில் நூல் பிடித்த மாதிரி ஒரு விரிசல் ஓடியது. அதன் வழியே தண்ணீர் அவன் முகத்தில் ஒழுகியது.

"தண்ணி உள்ள எறங்குதுங்க. நடுவுல பாத்தி ஒடஞ்சிருச்சு போல," என்றபடி கருத்தம்மாள் மேலே நடந்தாள். காலடி ஓட்டையிலிருந்து நடுத்தளத்துக்குப் போயிற்று. சரியாக அவன் தலைக்கு மேல் நின்றது.

சங்கிலியம்மாளின் கை நினைவுக்கு வந்தது. கர்ணன் பாய்ந்து நடு முட்டுக்கம்பைக் கட்டிப்பிடித்தான். டார்ச் விழுந்து உருண்டு, ஏணியைப் பார்த்தபடி எரிந்தது. கம்பு அவன் நெஞ்சுக்குள் நடுங்கியது. முழுத் தளமும் அதன் மேல்தான் நின்றது. மற்ற நாற்பத்து நான்கும் போய்விட்டன.

"மேல நிக்காத. போ. ரோட்டுக்குப் போயிரு."

"அண்ணன எதுக்கு ஒளிக்கிறீக? ரெண்டு பேருக்கும் சண்டையா?" காலடி ஓட்டைப் பக்கம் திரும்பியது. "நானே எறங்கி வாரேன்."

டார்ச் வெளிச்சத்தில் ஏணியின் மேல்படி தெரிந்தது. அதில் அவள் கால் வைத்தாள். சேற்றுப் பாதம், மெட்டி. அடுத்த கால். ஏணியடியில், வெளிச்சத்தின் விளிம்பில், சிவப்பு வளையல் போட்ட ஒரு கை அசையாமல் காத்திருந்தது.

"எறங்காத கருத்தம்மா."

இன்னொரு படி.

"உங்கண்ணன் செத்துப் போனான். நான்தான் கொன்னேன். சுத்தியலால அடிச்சு, இங்கன வச்சு. கான்கிரீட் போட்ட அன்னைக்கு. ஏறிப் போயிரு, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

கால் நின்றது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை.

"எத்தன அடி?" என்று கேட்டாள்.

அவன் எண்ணியிருக்கவில்லை.

பாதங்கள் மேலேறின. ஒவ்வொரு படியாக. வெளிச்சத்திலிருந்து மறைந்தன. கர்ணன் மூச்சு விட்டான். அவள் பிழைத்துவிட்டாள்.

பிறகு ஏணி அசைந்தது. தரையிலிருந்து எழும்பியது. மேலே போயிற்று. முழுக்கப் போயிற்று. மூடிப் பலகை இழுபடுகிற சத்தம். சதுர வெளிச்சம் பாதியானது. கீற்றானது. அதுவும் இல்லை. மெட்டிச் சத்தம் தளத்தைத் தாண்டி ரோட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது.

டார்ச் அணைந்தது. ஒரு விரல் அதன் பொத்தானை அமுக்குகிற சத்தம் கேட்டது.

வளையல்கள் நெருங்கின. அவனுக்குப் பின்னால் வந்து நின்றன.

முட்டின் மறுபக்கம் ஈரச் சிமெண்டு வாசம். கர்ணனின் கைகளுக்கு மேலே இரண்டு கைகள் கம்பைப் பற்றின. குளிர்ந்து, சொரசொரத்து, மேலெல்லாம் சிமெண்டு இறுகிய கைகள். உடைந்த தாடை ஒன்று அவன் காதோரம் திறந்தது. உள்ளே மணல் நறநறத்தது.

"ஒண்ணு" என்றான் காமராஜ்.

கர்ணன் கம்பை விடவில்லை.

"ரெண்டு."