இரண்டு ஹாரன்

உர்ஹோவின் கோட்டு சூடாக இருந்தது. அவன் செத்த நாளிலிருந்து கார் டிக்கியில் கிடந்த கோட்டு. வெளியே மூச்சுக்காற்றே புருவத்தில் உறைகிற குளிர். லெம்பி கையுறையைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தாள். யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்தது போல அக்குள் பக்கம் கதகதப்பு, அவனுடைய புகையிலை வாசம்.

புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இப்படியெல்லாம் தோன்றும் என்று சொல்லிக்கொண்டாள். பறிகொடுத்தவள் என்பது ஊருக்காகச் சொல்வது. கல்யாணம் ஆனதிலிருந்து அவளைத் தனியாக எங்கும் போகவிடாத மனுஷன் அவன். உறைந்த மண் இளகிக் குழி வெட்ட மே மாதம் ஆகும். அதுவரை அவன் பெட்டி கல்லறைத் தோட்டத்துக் கல் கொட்டகையில் காத்திருக்கும். லெம்பி காத்திருப்பதாக இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு தங்கை ஊருக்கே கிளம்பிவிட்டாள். சனியன், அந்தக் கொட்டகை வளைவிலேயே கார் பனியில் புதைந்துகொண்டது.

தங்கை சைமாவுக்கு போன் போட்டாள்.

"பூனை மணல் வச்சிருக்கியாக்கா? டயருக்கு முன்னால கொட்டு, பிடிச்சுக்கும்."

"பூனையே வளர்க்காதவ மணலுக்கு எங்கடி போவேன்?"

"அப்ப ஒண்ணும் பண்ணாத, உள்ளயே உக்காரு. பனி தள்ளுற வண்டி காலைல வந்துரும்."

"ராத்திரி பூரா அந்தாளு பக்கத்துலயா? போடி!"

கால்மிதிகளைச் சக்கரத்தடியில் போட்டாள். சக்கரம் அவற்றைப் பின்னால் துப்பியது. தங்கைக்கு எடுத்து வந்த ஓட்ஸைக் கொட்டினாள், அதுவும் வழுக்கியது. மிச்சம் இருந்தது கோட்டுதான். சிவப்பும் கறுப்புமாய்க் கட்டம் போட்ட அதை உருட்டித் திணித்தாள்.

"எத்தன நாளு என்னய மிதிச்ச! இப்ப நீ மிதிபடு."

இருட்டிக்கொண்டு வந்தது. முன்னே, பின்னே, முன்னே என்று கியரை மாற்றி மாற்றிக் காரை ஊஞ்சலாட்டினாள். இஞ்சின் உறுமல், கருகும் ரப்பர் நாற்றம். அப்போது பின்னாலிருந்து ஒரு முட்டு. அவள் மிதிக்கிற நேரம் பார்த்துச் சரியாக ஒரு முட்டு. கண்ணாடியில் பறக்கும் பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. அந்தத் தோளை அவளுக்குத் தெரியும். வருஷா வருஷம் அவன் தள்ளுவான், இவள் மிதிப்பாள். கிளம்பிய வண்டியை நடுவில் நிறுத்தினால் மறுபடி புதையும். அதனால் கெட்டி ரோடு வரை ஓட்டிப்போய் இரண்டு ஹாரன் அடிக்க வேண்டும். அவன் நடந்து வந்து ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறப்பான். இவள் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்துகொள்ள வேண்டும்.

கார் துள்ளிக் கிளம்பியது. கெட்டி ரோட்டில் ஏறியதும் சத்தம் போட்டுச் சிரித்தாள். ஜெயித்துவிட்டாள்! சந்தோஷத்தில், பழக்கத்தில், கை தானாக ஹாரனை அமுக்கியது.

இரண்டு முறை.

இஞ்சின் அடங்கியது. சாவியைத் திருகினாள். டிக். டிக். கண்ணாடியில் பார்த்தாள். சக்கரத் தடத்தில் கோட்டு இல்லை.

பனியை மிதிக்கும் சத்தம். அவசரமில்லாத நடை.

கதவைப் பூட்டினாள். பூட்டு திறந்துகொண்டது. கதவும்.

புகையிலை வாசம். கட்டம் போட்ட கோட்டுக் கை ஒன்று. அதில் ஒட்டியிருந்த ஓட்ஸ். அது காத்து நின்றது, அவள் நகர்வதற்காக.

லெம்பி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

"மாட்டேன் உர்ஹோ. நகர மாட்டேன். வண்டி என்னுது. நாந்தான் ஓட்டுவேன்."

அவள் அங்கே இல்லவே இல்லை என்பது போல, அந்தக் கோட்டு உள்ளே ஏறி அவள் மடியிலேயே உட்கார்ந்தது. கதவு சாத்திக்கொண்டது. இஞ்சின் உயிர் பெற்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கைகள்மேல் இரண்டு கைகள் படிந்தன. சூடாக இருந்தன.

ஸ்டியரிங் வீட்டுப் பக்கம் திரும்பத் தொடங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுத்தாள்.