போறேன் என்று சொன்னவன்

கலஹாவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கஜேந்திரனுக்கு இளக்காரம் தொடங்கிவிட்டது. யாரோ வெட்டிவைத்த பாதையில் வரிசையாக ஏறிப் படம் பிடித்துக்கொள்கிறவர்கள் எல்லாம் மலையேறிகளாம். மந்தைகள். அவன் பாதையே இல்லாத பக்கமாக உச்சிக்கு வழி கண்டுபிடித்து, அதற்குத் தன் பெயரை வைக்கப் போகிறவன். காலையில் குண்டசாலை வீட்டில் மனைவி சுகிர்தா பத்திரமாக வந்து சேரச் சொன்னபோதும், "வழி தெரியாதவனுக்குச் சொல்லு" என்றுவிட்டுத்தான் கிளம்பினான்.

தோட்டத் தொழிலாளர் லயத்தை ஒட்டிய கடைசிக் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு எழுந்தான்.

"சரி, போறேன்."

கடைக்காரி கலாராணியின் முகம் சுருங்கியது. "அப்படிச் சொல்லாதீங்க சார். போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க."

போகிறவன் போறேன் என்றுதான் சொல்வான் என்று சிரித்தான். நல்ல சனங்கள், வாய்ச்சொல்லுக்கே நடுங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

தேயிலை முடிந்து மானாப்புல் வந்தது; அதற்கு மேல் காடு. பனிமூட்டம் இறங்கியதும் இலை மக்கும் வாடை மட்டும் மிஞ்சியது. குருவிகள் ஓய்ந்தன. போன் வழிகாட்டுவதை நிறுத்தியது. போனைத் திட்டினான், ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல்தானே.

ஈரமண்ணில் காலடித் தடம் தெரிந்தது.

வயிறு எரிந்தது. எந்த மடையன் முந்திக்கொண்டான்? குனிந்து பார்த்தான். தடம் மேலிருந்து இறங்கி, அவனைக் கடந்து, அவன் ஏறிவந்த பக்கமே போயிருந்தது. அதற்குள் தண்ணீர் இப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. இடது குதியில் ஒரு வெடிப்பு.

தன் இடது சப்பாத்தைத் தூக்கிப் பார்த்தான்.

அதே வெடிப்பு.

அவன் இன்னும் உச்சிக்கே போகவில்லை.

விழுந்தடித்துக்கொண்டு இறங்கினான். கடையில் கலாராணி அவனைக் கண்டதும் பின்வாங்கினாள்.

"இப்பதானே சார், போயிட்டு வந்துட்டேன்னு சொல்லி பஸ் ஏறுனீங்க?"

குண்டசாலையில் விளக்கு வைக்கும் நேரம். வீட்டு வாசலில் சேறு அப்பிய ஒரு சோடி சப்பாத்து கிடந்தது. அவனுடையது அவன் காலிலேயே இருந்தது. கதவைத் தட்டினான்.

"சுகிர்தா, நான்தான்."

உள்ளே அவள் நடை நின்றது. "என்னங்க, யாரோ உங்க குரல்லயே கூப்பிடுறாங்க."

யாரோ எழும்பக் கதிரை நகர்ந்தது. ஒருவன் மூக்கால் சிரித்தான். அந்த இளக்காரம் கஜேந்திரனுக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

"வழி தெரியாதவனா இருக்கும். கதவத் தெறக்காத."