நெஞ்சுப்பட்டை

ஆறு நாளில் ஆறு முறைதான் ஓட்டியிருந்தான். பதிவில் பதினொன்று இருந்தது.

சனிக்கிழமை நான்கு மணி தாண்டியிருக்கும். கட்டட வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் மேலாளர் வெளியே போன கையோடு, ஒரு வாரம் பட்ட பாட்டைக் குறித்துவைக்கலாம் என்று, வீட்டுச் சைக்கிளில் பூட்டிய கருவி ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிந்து அனுப்பும் செயலியைச் செல்போனில் திறந்திருந்தான். மழை விடும்வரை வீட்டுக்குள்ளேயே பயிற்சி என்று முடிவெடுத்து, பின்சக்கரத்தைக் கழற்றி, தனிச் சக்கரம் வைத்த இரும்புத் தாங்கியில் சைக்கிளைப் பூட்டிப் பின்னறையில் நிறுத்தியதிலிருந்து நாய் படாத பாடு. இருக்கை உரசி உரசித் தொடையிடுக்கு புண்ணாகிவிட்டது, விரல்கள் மரத்துப்போயின, ரப்பரும் பழைய வேர்வையும் நாறும் அந்த அறையில் ஓரடிகூட நகராமல் மூச்சு வாங்குவதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றுக்கும் மேல் முழங்காலின் பின்பக்கம் ஒரு வலி. இருக்கை உயரமாக இருந்தால் வருகிற வலி அது. தினமும் காலையில் இருக்கை ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது.

அளவை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது போதாதா? செவ்வாய்க்கிழமை மகளைப் பிடித்து உலுக்கிவிட்டான்.

"நான் தொடவே இல்லப்பா."

"அப்ப யாரு? சைக்கிளுக்கே கால் முளைச்சிடுச்சா?"

ஒன்பது வயதுக் குழந்தை. அம்மா வேலை விஷயமாகப் பத்து நாள் வெளியூரில். அன்றிலிருந்து அவள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவன் போட்ட சட்டத்தை மட்டும் மீறவில்லை. அப்பா ஓட்டும்போது பேசக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது, கதவிடுக்கில் கை நீண்டால் துண்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். ஓட்டி முடித்ததும் அவன் கொல்லைப்பக்கக் கதவு வழியாகக் குளிக்கப் போய்விடுவான்.

அதிகப்படியான ஐந்து பதிவுகளையும் திறந்து பார்த்தான். திங்களிலிருந்து வெள்ளி வரை, எல்லாமே மாலை நான்கு மணிக்கு. அவள் பள்ளியிலிருந்து திரும்பியிருப்பாள், அவன் இதே நாற்காலியில் கோடு போட்டுக்கொண்டிருந்திருப்பான். திங்கள் பத்து நிமிடம். வெள்ளிக்கிழமை ஐம்பது. அவன் வாழ்நாளில் எட்டாத வேகம்.

கருவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரிக்கத்தான் பார்த்தான். அப்போது நெஞ்சுத் துடிப்புக் கணக்கு கண்ணில் பட்டது. அதைக் காட்டுவது மார்பைச் சுற்றிக் கட்டுகிற பட்டை. ஈரத் தோலில் ஒட்டினால்தான் கணக்குக் காட்டும். காலையில் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் தினமும் வேலைக்கு வருகிறான். அவன் ஓட்டும்போது நூற்றறுபதைத் தொடும் துடிப்பு, அந்த மாலைகளில் திங்களன்று நாற்பத்தாறு, அடுத்த நாள் நாற்பது, பிறகு முப்பத்திரண்டு, இருபத்தைந்து. நேற்று பதினேழு.

அவ்வளவு வேகத்தில் ஓட்டுகிற எதற்கும் பதினேழு துடிப்பு இருக்க முடியாது.

திரையின் மூலையில் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்தது. பன்னிரண்டாவது பதிவு. இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்று பள்ளி விடுமுறை. அவள் காலையிலிருந்து வீட்டில் தனியாக இருக்கிறாள். குடையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை, படிகளில் தாவி இறங்கிக்கொண்டே வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தான். நான்காவது மணியில் எடுத்தாள். பின்னால் சக்கரத்தின் உறுமல் தெளிவாகக் கேட்டது.

"குட்டி..." மூச்சிரைப்பில் குரலே எழும்பவில்லை.

"யாரு?" அவள் கிசுகிசுத்தாள். "அப்பா சைக்கிள் ஓட்டிட்டு இருக்காங்க. இப்ப பேசக் கூடாது. அப்புறமா பண்ணுங்க."

வைத்துவிட்டாள். திரும்ப அடித்தான். எடுக்கவில்லை. அவன் போட்ட சட்டம். தன் வாயைக் கிழித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

மழையில் ஓடினான். நான்கே தெரு. முழங்காலின் பின்பக்க வலி ஒவ்வொரு அடியிலும் சுண்டியது. கையில் போன். துடிப்பு ஒன்பது. ஆறு. நான்கு.

வாசல் கதவைத் திறந்தபோது உறுமல் மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. தாங்கியில் பூட்டிய சைக்கிள் நிற்கும் சத்தம். இந்த வாரம் முழுக்க அவனே எழுப்பிய சத்தம்.

கூடத்தின் கடைசியில் மகள் நின்றாள். முதுகைக் காட்டியபடி. கையில் மடித்த துண்டு.

பின்னறைக் கதவு ஒரு சாண் திறந்தது. இடுக்கில் ஒரு கை நீண்டது. அவன் கை போலத்தான் இருந்தது. மணிக்கட்டில் அவனுடைய அதே மச்சம். ஆனால் நீளம் அதிகம். முழங்கை வெளியே வந்த பிறகும் வந்துகொண்டே இருந்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"குட்டி! குடுக்காத!"

திரும்பினாள். நனைந்து நின்றவனைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். மறுபடி அவனை. அந்த முகத்தில் இருந்த பயம் அவனைக் கண்டுதான்.

"நீங்க யாரு?" என்றாள். "அப்பா உள்ள இருக்காங்க."

ஓடிப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துண்டு கீழே விழுந்தது. கை அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள்.

தோளால் இடித்தான். அலறினான். கதவு அசையவில்லை. கொல்லைப்பக்கம் ஓடினான். அந்தக் கதவும் உள்ளே தாழ். உள்ளே இருக்கையின் திருகு கிறீச்சிட்டது. யாரோ உயரத்தைக் குறைக்கிறார்கள். நிறைய. ஓர் அடிக்கும் மேல்.

பிறகு சக்கரம் சுழலத் தொடங்கியது. திக்கித் திக்கி. கால் எட்டாதவர்கள் மிதிப்பது போல.

உள்ளங்கையில் போன் அதிர்ந்தது. நான்கில் நின்றிருந்த எண் ஏறியது. தொண்ணூறு. நூற்றுமுப்பது. நூற்றெழுபது.

ஏறிக்கொண்டே இருந்தது.