அப்பாவுக்கு ஒரு மேகம்

பட்டாணியின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். எவ்வளவு உயரமான கட்டடமாக இருந்தாலும் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, விசிலடித்தபடியே வேலை பார்ப்பார். பல்லிக்குக்கூட அவர் பயப்பட மாட்டார். அம்மா பயப்படுவார். ஆகையால் வீட்டில் பல்லி விரட்டும் பொறுப்பும் அப்பாவுடையதுதான்.

அப்படிப்பட்ட அப்பா, விமானம் என்றதும் வெலவெலத்துப் போவார் என்று யார்தான் நினைத்திருப்பார்கள்?

தொலைதூர ஊரில் இருக்கும் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, திங்கட்கிழமை முழங்காலில் ஆபரேஷன். “நீ பக்கத்துல இருந்தா போதும்ணே, வேற ஒண்ணும் வேண்டாம்” என்று அத்தை போனில் சொல்லியிருந்தார். ரயிலில் போனால் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அதனால் அம்மா ஞாயிற்றுக்கிழமை காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.

அன்றிலிருந்தே அப்பா ஒரு நிலையில் இல்லை. முதலில் லீவு கிடைக்காது என்றார். லீவு கிடைத்துவிட்டது. பிறகு இடுப்பு வலி என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே, பரண்மேல் இருந்த பெரிய பெட்டியைத் தானே தூக்கி இறக்கினார்.

வெள்ளிக்கிழமை மாலை, சமையலறையில் அப்பா தணிந்த குரலில் பேசுவது பட்டாணியின் காதில் விழுந்தது.

“லிஃப்டுக்கு இரும்புக் கயிறு இருக்கு. ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கும். அதுல என்ன இருக்கு, சொல்லு. நினைச்சாலே கை சில்லுனு ஆயிடுது.”

“தினம் எத்தனை பேர் போயிட்டு வர்றாங்க” என்றார் அம்மா.

“அவங்க போறாங்க. நான் போனதில்லையே.”

பட்டாணிக்கு வயது பத்து. உருவத்தில் சின்னவள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பா அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. மனசு சங்கடப்பட்டது. ஆனாலும் ஒன்று புரிந்தது. போனதில்லை என்பதுதானே சிக்கல்? ஒரு தடவை போய்விட்டால் தீர்ந்தது.

மாடிவீட்டு அண்ணனிடம் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் என்ற கணினி விளையாட்டு இருந்தது. விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலவே எல்லாம் தெரியும். அப்பாவை அண்ணன் வீட்டுக்கே கூட்டிப்போய்க் காட்டலாம்தான். ஆனால் பிறர் முன்னால் அப்பா பயத்தைக் காட்டிக்கொள்ள மாட்டார், விசிலடித்தே சமாளித்துவிடுவார். எனவே அண்ணனைத்தான் கீழே கூட்டிவர வேண்டியிருந்தது.

அண்ணன் வந்து பட்டாணி வீட்டுக் கணினியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அம்மா வேலை செய்யும் பல் மருத்துவமனையில் கழித்துப் போட்ட கணினி அது. திறந்தால் இன்றைக்கும் ஒரு பெரிய பல் சிரித்து வரவேற்கும்.

“இதுலயா? புது சிமுலேட்டர் இதுல ஓடாது பட்டாணி. நடக்கும். அதுவும் கம்பு ஊன்றிக்கிட்டு.”

“நடந்தா போதும்ணா” என்றாள் பட்டாணி.

அவன் சிரித்துக்கொண்டே ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். பட்டாணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சரியாக ஓடுகிறதா என்றுகூடப் பார்க்காமல் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தாள். அவள் செய்த தவறு அதுதான்.

விமானம் கிளம்பியது. கணினிக்குள் இருந்த மின்விசிறி மிக்ஸி போல இரைந்தது. விமானம் விக்கி விக்கி மேலே ஏறியது. கடைசியில் ஒரு கட்டடத்துக்கு மேலே, மூக்கைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டது.

அப்பா திரைக்கு அருகே குனிந்து பார்த்தார்.

“நின்னுடுச்சு” என்றார்.

“விமானம் நிக்கலப்பா. கம்ப்யூட்டர்தான் பழசு.”

“எனக்குத் தெரியுது. ஆனா லிஃப்ட் நடுவுல நின்னா நான் போய்க் கதவைத் திறப்பேன். இது நின்னா யாரு வருவா?”

அவர் எழுந்து நேராக அம்மாவிடம் போனார். “டிக்கெட்டை ரத்து பண்ணிடலாம். தங்கச்சிகிட்ட நானே பேசிக்கிறேன்.”

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாங்க. அப்பவும் இதையே சொன்னா ரத்து பண்ணிடறேன்” என்றார் அம்மா.

பட்டாணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உதவி செய்யப் போய் உள்ளதையும் கெடுத்துவிட்டோமே. அத்தை தனியாக ஆபரேஷனுக்குப் போவார். அதற்குத் தானும் ஒரு காரணம் ஆகிவிடுவோம். அன்று அவளால் சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை.

மறுநாள் காலை மறுபடியும் கணினி முன்னால் உட்கார்ந்தாள். அது பழையபடி இரைந்தது, நகரவில்லை. அந்த இரைச்சலைக் கேட்டதும் அப்பா அடிக்கடி சொல்லிச் சிரிக்கும் விஷயம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆள் அதிகம் ஏறினால் லிஃப்ட் கத்தும், நகராது. உடனே கெட்டுப்போச்சு என்று அப்பாவுக்குப் போன் வரும். அவரும் போய், “லிஃப்ட்ல கோளாறு இல்ல, ரெண்டு பேர் இறங்குங்க” என்பார். இறங்கியதும் அது பாட்டுக்கு மேலே போகும்.

“ஓ, உனக்கும் பாரம் தாங்கலையா?” என்று கணினியிடம் கேட்டாள்.

அமைப்புகள் பக்கத்தைத் திறந்தாள். சிமுலேட்டருக்குள் யார் யாரெல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அங்கே தெரிந்தது. முதலில் நிழல்களை இறக்கிவிட்டாள். அப்புறம் மரங்கள். பிறகு விமான நிலையத்தில் காரணமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த வண்டிகள். ஒவ்வொன்றாக அணைத்து அணைத்து ஓட்டிப் பார்த்தாள். மேகங்கள்தான் இருப்பதிலேயே கனம். அவற்றையும் அணைத்ததும் மின்விசிறி அடங்கியது. விமானம் வழுக்கிக்கொண்டு பறந்தது.

மதியம் அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி மறுபடியும் உட்கார வைத்தாள். பளிச்சென்ற நீல வானத்தில் விமானம் போய்க்கொண்டே இருந்தது. எங்கும் நிற்கவில்லை.

“நல்லா இருக்கும்மா” என்றார் அப்பா. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. கைகளை மடியில் கோத்தபடியே இருந்தார்.

பட்டாணி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். “அப்பா, உங்களுக்கு எதுக்குப் பயம்? விழுந்துடும்னா?”

“சொன்னா சிரிப்ப.”

“சிரிக்க மாட்டேன்.”

அப்பா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “லிஃப்ட் போற குழி எவ்வளவு இருட்டா இருந்தாலும் டார்ச் அடிச்சா அடுத்த மாடி தெரியும். எங்க இருக்கோம்னு தெரிஞ்சா எனக்குப் பயமே கிடையாது. விமானம் மேகத்துக்குள்ள போனா ஜன்னல் முழுக்க வெள்ளையா ஆயிடுமாம். மேல எது, கீழ எதுன்னே தெரியாதாம். அதை நினைச்சாத்தான்...”

பட்டாணி சிரிக்கவில்லை. அப்பா பார்க்க வேண்டியது மேகத்தை. அவளோ பார்த்துப் பார்த்து மேகத்தையே இறக்கிவிட்டிருந்தாள்.

“கொஞ்ச நேரம் குடுங்கப்பா.”

அப்பா துணி மடிக்கப் போனார். டிக்கெட் ரத்தானால் தேவைப்படாத துணிகள்தான். இருந்தாலும் மடித்தார்.

மேகங்களை மறுபடி ஏற்றியதும் விமானம் பழையபடி விக்கியது. பட்டாணி நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். மேகத்துக்குள் போய்விட்டால் கீழே எதுவும் தெரியப்போவதில்லை. அப்புறம் கட்டடம் எதற்கு? தெரு எதற்கு? பேசாமல் கடல்மேல் பறந்தால் என்ன? அங்கே கட்டடமும் இல்லை, தெருவும் இல்லை, கணினிக்குச் சுமையும் இல்லை.

நடுக்கடலுக்கு மேலே விமானத்தை வைத்தாள். அலைகளை அணைத்தாள். படத்தின் துல்லியத்தைக் குறைத்தாள். எல்லாம் அம்மா கண்ணாடி போடாமல் பார்ப்பது போல மங்கலாயிற்று. மேகத்துக்கு அது போதும். ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. இந்த முறை அப்பாவைக் கூப்பிடும் முன் இரண்டு தடவை சரிபார்த்தாள்.

பயணிகளின் ஜன்னல் வழியாகத் தெரியும் காட்சியை வைத்து, விமானம் தானாகவே பறக்கட்டும் என்று விட்டுவிட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

தூரத்தில் மேகம் தெரிந்தது. பெரிதானது. முதலில் இறக்கையின் நுனி மறைந்தது. பிறகு இறக்கையே மறைந்தது. திரை முழுக்க வெள்ளை.

அப்பாவின் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. உள்ளங்கை வேர்த்திருந்தது. இது அப்பாவின் கைதானா என்று இருந்தது அவளுக்கு. அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க இருக்கோம்?” என்றார் அப்பா.

“மேகத்துக்குள்ள.”

“அது தெரியுது.”

“அப்ப எங்க இருக்கோம்னு தெரிஞ்சுடுச்சே.”

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. மெதுவாகத்தான் ஆரம்பித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் வெள்ளை கலைந்து, இறக்கைமேல் வெயில் அடித்தது.

“முடிஞ்சுதா? அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இன்னொரு தடவை போ” என்றார் அப்பா.

அன்று மாலை அவர்கள் மேகத்துக்குள் போய்ப் போய் வந்தார்கள். அம்மாகூட வந்து ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார். டிக்கெட்டை ரத்து செய்யும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கிளம்பினார். வாசலில் நின்று விசிலடிக்கப் பார்த்தார், வெறும் காற்றுத்தான் வந்தது. பட்டாணியின் தலையைக் கோதிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய் வண்டியில் ஏறினார். பட்டாணியும் அம்மாவும் மதியம் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் போன் மினுங்கியது. அப்பா ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தை வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம். கூடவே, விமானத்தில் எடுத்த படம் ஒன்றையும் அனுப்பியிருந்தார்.

“என்ன இது, ஜன்னல்ல ஒண்ணுமே காணோம். வெறும் வெள்ளையா இருக்கு” என்று அம்மா போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

பட்டாணி எட்டிப் பார்த்தாள். தன்னையும் சேர்த்துப் படமெடுக்க அப்பா முயன்றிருக்கிறார். வெள்ளை ஜன்னலின் ஓரத்தில் அவர் முகம் பாதிதான் விழுந்திருந்தது. அந்தப் பாதி முகம் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தது.