நீங்க மட்டும் ஏறுங்க

காலையிலேயே வீட்டில் சண்டை. சத்தம் கித்தம் ஒன்றும் இல்லை. தனம் சும்மாட்டுத் துணியை உதறிய உதறலிலேயே அவள் கோபம் அத்தனையும் தெரிந்தது.

கொழுந்தன் சுரேந்தர் முந்தின நாள் சாயங்காலமே சிதம்பரத்திலிருந்து வந்திருந்தான். அங்கே போட்டித் தேர்வுக்குப் பயிற்சி மையம் நடத்துகிறான். பேர் போன மையம். அண்ணியும் மற்ற மீன்காரிகளும் சேர்ந்து பஸ்ஸை மறிக்கப் போகிறார்கள் என்று யாரோ காதில் போட்டதும் கிளம்பி வந்துவிட்டான்.

விஷயம் இதுதான். கடலூர் துறைமுகத்தில் விடியலில் மீன் எடுக்கும் பெண்கள், பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய் விற்பவர்கள். புதிதாக வந்த கண்டக்டர், மீன் நாற்றம் என்று பயணிகள் புகார் சொல்வதாகக் கூறி அவர்களை ஏற்றவே மாட்டேன் என்கிறார். ஓசியில் வருகிறவர்களுக்கு இடம் வேறா என்று ஒரு கேள்வியும் கேட்டார். வெயிலில் நடந்து போய்ச் சேர்வதற்குள் மீன் குழைந்து போகிறது. மனு கொடுத்தும் பலன் இல்லை. இன்றைக்கு எல்லோரும் பஸ் முன்னால் நிற்போம், ஏற்றினால் எல்லோரையும் ஏற்றட்டும் என்று முதலில் சொன்னவள் தனம்தான்.

"கூட்டம் சேத்து கத்துனா எதுவும் மாறாது அண்ணி. அவனவன் தன்ன ஒசத்திக்கணும். நீங்க இந்தக் கூடைய வுட்டுட்டு எங்கூட வந்துடுங்க. ராணி மாதிரி வெச்சிக்கிறேன்" என்றான் சுரேந்தர்.

பாசத்தில்தான் சொன்னான். அதுதான் தனத்துக்கு இன்னும் எரிந்தது. போன வாரம் அவனுடைய மையத்து ஆண்டு விழாவில், யார் தயவும் இல்லாமல் தனி ஒருவனாக மேலே வந்தேன் என்று அவன் மேடையில் பேசினான். எல்லோரும் கை தட்டினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தனத்துக்குக் கை எழவில்லை.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் தாயில்லாப் பிள்ளை. அவள்தான் மீன் விற்றுப் படிக்க வைத்தாள். தன்னை அவன் மறந்துவிட்டதாக அவள் நினைக்கவில்லை. அவள் கோபம் வேறு. அதைச் சொல்ல வாய் வரை வந்தது... சொல்லவில்லை.

"ராணி மாரி இருந்து நான் என்னா பண்ணப் போறேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அன்னக்கூடையைத் தலையில் ஏற்றினாள். கணவன் பாண்டியன் வலையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டான். தம்பியும் பெண்டாட்டியும் மோதினால் அவனுக்கு எப்போதும் வலையில் ஏதாவது கிழிசல் தெரியும்.

அவள் தெருமுனை திரும்பியதும் சுரேந்தர் போனை எடுத்தான். டெப்போவில் வேலை பார்க்கும் ஒருவரின் மகன் அவனிடம்தான் படிக்கிறான்.

பஸ் வந்தது. பெண்கள் கூடைகளை இறக்கி வரிசையாக மறித்து நின்றார்கள். கண்டக்டர் இறங்கி வந்தார். முகத்தில் என்றுமில்லாத பணிவு.

"தனம் யாரும்மா? சிதம்பரம் கோச்சிங் சாரோட அண்ணியாமே. டெப்போலேர்ந்து சொன்னாங்க. நீங்க மட்டும் ஏறுங்க. மத்தவங்க தள்ளி நில்லுங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தனத்தையே பார்த்தார்கள். இருக்கிறவர்களில் சிறியவளான வினோதினிதான் வாயைத் திறந்தாள்.

"அதுக்குத்தான் நேத்து கொழுந்தன் வந்தாராக்கா? எங்கள ரோட்டுல நிக்க வெச்சிட்டு நீ ஏறிப் போறதுக்கா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது. கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்கவும் இல்லை, எனக்குத் தெரியாது என்று கெஞ்சவும் இல்லை. தன் கூடையைத் தூக்கி பஸ்ஸின் முன் சக்கரத்தை ஒட்டி வைத்தாள். பக்கத்திலேயே தார் ரோட்டில் உட்கார்ந்தாள்.

"ஏறுனா எல்லாரும் ஏறுவோம். இல்ல, என் மேல ஏத்திட்டுப் போ" என்றாள் கண்டக்டரிடம்.

விருத்தாம்பாள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தனத்தைவிட மூத்தவள், அதிகம் பேசாதவள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கடைசியாக வினோதினி, தலையைக் குனிந்தபடி.

இதற்குள் சுரேந்தர் வண்டியில் வந்து சேர்ந்தான். ஓடி வந்து தனத்தின் கையைப் பிடித்து இழுத்தான். உங்களுக்காகத்தானே கேட்டேன், ஏன் இப்படித் தெருவில் உட்கார்ந்து அசிங்கப்படுகிறீர்கள் என்றான்.

"மொதல்ல ஒருத்தர் ஏறணும் அண்ணி. அப்பறம் மத்தவங்களுக்கு வழி பொறக்கும். நான் ஒருத்தனா மேல வரல?"

தனம் கையை உதறினாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்தது அத்தனையும் வெடித்தது.

"ஒருத்தனா வந்தியா நீ? பன்னண்டாவது பரிச்ச எழுதுனப்ப நான் ஆபரேஷன் பண்ணிப் படுத்துக் கெடந்தேன். ஒங்க அண்ணன் கேரளாவுல போட்டு வேலைக்குப் போயி சேதியே இல்ல. வூட்டுல அடுப்பு எப்புடி எரிஞ்சிதுன்னு என்னிக்காவது கேட்டியா?"

தனம் விருத்தாம்பாளைக் கை காட்டினாள்.

"இதோ ஒக்காந்திருக்காளே, இவ தலையில ரெண்டு கூடை. அவளுது ஒண்ணு, என்னுது ஒண்ணு. எங்களுக்குள்ள ஒரு மொற இருக்கு. வர முடியாதவ கூடையத்தான் மொதல்ல விக்கணும். என் மீனு வித்து முடியிற வரைக்கும் அவ மீன எறக்கவே மாட்டா. அவ மீனு கெட்டுப் போயி கோழிக்குக் கொட்டுன நாளெல்லாம் உண்டு. இவ, இவ மாமியா, அந்தா அவ... மொற வெச்சி தூக்குனாங்கடா. நீ படிக்கிற பையன், மனசு கலையக் கூடாதுன்னுதான் இத ஒங்கிட்ட நான் சொல்லல. நீ மேடையில நின்னு யாரு தயவும் இல்லன்னு சொன்னியே, அன்னிக்கி எனக்குச் சோறு எறங்கல."

"வுடு தனம். சொல்லிக் காட்டவா தூக்குனோம்?" என்றாள் விருத்தாம்பாள்.

சுரேந்தர் விருத்தாம்பாளைப் பார்த்தான். அந்த மாதங்களில் தினமும் வாசலில் வந்து நின்ற முகம். அண்ணியை நலம் விசாரிக்க வருகிறாள் என்றுதான் நினைத்திருந்தான். எதற்கு இரண்டு கூடை என்று அவனுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. கண்டக்டர் அவன் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். இன்னொரு போன் போட்டு எல்லோரையும் என்று சொல்லிவிடுங்கள் சார், ஏற்றிக்கொள்கிறேன் என்றார். சுரேந்தர் போனை எடுத்தான். தனம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனைத் திரும்பப் பைக்குள் போட்டான்.

"போன் எதுக்கு சார்? கேக்குறவங்க இங்கதான் இருக்காங்க. அவுங்களுக்கு பதில் சொல்லுங்க" என்றான். இஸ்திரி போட்ட சட்டையோடு விருத்தாம்பாள் பக்கத்தில் ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். நேரம் போனது. உள்ளே இருந்த ஒரு அம்மாள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, வாரத்துக்கு நாலு நாள் இவர்களிடம் மீன் வாங்கித் தின்கிறோம், அப்போது நாறவில்லையா என்று கண்டக்டரைப் பிடிபிடியென்று பிடித்தாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் டிரைவரே, ஏத்துய்யா, தினம் தினம் இதே ரோதனையாப் போச்சு என்றார். கண்டக்டர் பின்வாசலை விட்டு விலகி நின்றார்.

சுரேந்தர் எழுந்து தனத்தின் கூடையில் கை வைத்தான். அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"என்னுது கடைசிடா. மொதல்ல அவ கூடை."

அவன் விருத்தாம்பாளின் கூடையைத் தூக்கினான். இத்தனை கனம் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. ஐஸ் தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. ஒவ்வொன்றாக ஏற்றி, கடைசியில் அண்ணியின் கூடைக்கு வரும்போது அவன் தேம்பிக்கொண்டிருந்தான். தனம் அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். சட்டை நாறப் போகிறது என்றாள். நாறட்டும் அண்ணி என்றான்.

வினோதினி வந்து தனத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவளை மன்னிக்க தனத்துக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது.

பஸ் கிளம்பியது. பெண்கள் கூடைகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சுரேந்தரும் ஏறி, நனைந்த சட்டையோடு கம்பியைப் பிடித்து நின்றான். கண்டக்டர் அவன் முன்னால் வந்து நின்றபோது, பின்னாலிருந்து வினோதினியின் குரல் கேட்டது.

"எங்களுக்கெல்லாம் ஃப்ரீ சார். நீங்க மட்டும் டிக்கெட் எடுங்க."