கஞ்சியில் வளர்ந்தது

கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டின் மூடியைத் தூக்கியதும் நல்லெண்ணெயும் பாலும் கலந்த வாசனை வந்தது. வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் மகள் பாகீரதியின் உச்சந்தலையில் மட்டும்தான் சேஷன் அதை முகர்ந்திருக்கிறான்.

வெளியே திருவனந்தபுரத்து ஆடிமழை ஓட்டின்மேல் ஓயாமல் கொட்டியது. கல்லாற்றுத் தண்ணீரில் என்ன கிருமி, எந்தச் சூட்டில் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்ப்பதுதான் பரிசோதனைச்சாலையில் அவன் வேலை. ஒரு தட்டைப் பனிக்கட்டியில் வைத்தான், ஒன்றை வெந்நீர்ப் பெட்டியில், ஒன்றை உப்புக் கலந்து. எல்லாவற்றிலும் அந்தக் கிருமி ஒரே அளவில், வெள்ளையாக, ஐந்து கிளை விட்டு வளர்ந்திருந்தது.

கிருமிக்குத் தீனியாக, அகர் என்ற கடற்பாசிக் கூழுடன் மாட்டிறைச்சிச் சாறு சேர்த்துக் காய்ச்ச வேண்டும் என்பது விதி. அவனுக்குக் குமட்டும். வீட்டிலிருந்து கஞ்சி வாங்கி வந்து யாருக்கும் தெரியாமல் சாற்றுக்குப் பதில் ஊற்றிவிட்டு, ஆசாரம் கெடாத நிம்மதியில் வயிறாரச் சாப்பிட்டவன் அவன்.

இப்போது பயமாக இருந்தது. ஒரு தட்டின் நடுவில், கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தைச் சொட்டினான். கிளைகள் ஐந்தும் உள்பக்கமாக மடங்கின. மற்றத் தட்டுகளை அவித்து அழிக்க அவசரமாக நீராவிக் கொப்பரையில் அடுக்கி, மூடியின் திருகாணிகளை முடுக்கி, அடுப்பைப் பற்றவைத்தான்.

கொப்பரை சீறத் தொடங்கியபோது மனைவி லலிதாம்பாள் குழந்தையோடு வராந்தாவில் வந்து நின்றாள். இறைச்சி வேகும் இடம் என்று வாசற்படி தாண்டமாட்டாள்.

"ஏன்னா, கொழந்தை உள்ளங்கை வெந்து வெளுத்துப்போச்சு. விரலை மடக்கிண்டு பிரிக்கமாட்டேங்கறா. இப்போ உடம்பெல்லாம் கொதிக்கறது. டாக்டராண்ட போலாம், வாங்கோ."

சேஷன் கொப்பரையைத் திரும்பிப் பார்த்தான்.

"லலிதா, நீ குடுத்த கஞ்சி..."

"பாகி குடிச்ச மிச்சம்தான். எறைச்சி காய்ச்சற எடத்துல எச்சில் என்ன பெரிசுன்னு நெனச்சேன்."

அவன் கொப்பரைக்கு ஓடினான். அடுப்பில் தண்ணீரைக் கொட்டினான். திருகாணி சுட்டது. தோல் ஒட்டிக்கொண்டது. விடவில்லை. பகவானே, கொழந்தையை விட்டுடு. இன்னும் ஒரு திருகாணி. வராந்தாவில் குழந்தையின் முனகல் மெலிந்தது.

நின்றது.

மூடி கழன்றது. ஆவி முகத்தில் அடித்தது. மேல் தட்டை வெளியே எடுத்தான்.

"பாகி," என்று லலிதாம்பாள் கூப்பிட்டாள். "பாகி, கண்ணைத் தெறடி."

தட்டின் கண்ணாடி ஆவியில் மங்கியிருந்தது. அவன் துடைத்தான். மங்கல் போகவில்லை, உள்பக்கம் படிந்திருந்தது.

உள்ளேயிருந்து ஒரு சின்ன விரல் அதை மெல்லத் துடைத்தது.