இளஞ்சிவப்பு வளையம்

காலையில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் தரை ஈரமாக இருந்தது. மகள் தண்ணீரைக் கொட்டியிருப்பாள் என்று நினைத்துப் பழந்துணியால் துடைத்தான். துணியைத் தூக்கியபோது தரையிலிருந்து கூடவே ஒரு நூல் எழுந்து, நீண்டு, மெலிந்து, நடுவில் ஒரு குமிழியோடு ஆடி, அறுந்து அவன் புறங்கையில் ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பாக இருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். திருப்திப்படாமல் மறுபடியும் கழுவினான்.

எச்சில் என்றாலே அவனுக்குக் குடலைப் புரட்டும். பிழைப்போ பல் செட் செய்வது. டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளாக ஊர் உலகத்து வாய்களெல்லாம் அவன் மேசைக்கு வந்து சேரும். யாரோ ஒருவரின் ஈறு, யாரோ ஒருவரின் அண்ணம், சிலவற்றில் அவர்கள் கடைசியாகத் தின்றதுகூட ஒட்டிக்கொண்டிருக்கும். நாளெல்லாம் மூச்சை அடக்கி வேலை பார்த்துவிட்டு, முடித்த செட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவனுக்கு வீட்டின் பின்னறைதான் சொர்க்கம். அங்கே ஒயர் பற்றவைக்கும் சால்டர் புகையும் மரத்தூளும் மட்டும்தான் மணக்கும். தானே சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர், தானே அறுத்துப் பூட்டிய பெட்டி, ஆம்ப்ளிஃபையரில் இருட்டில் தணலாகக் கனலும் கண்ணாடி வால்வுகள். எல்லாம் சுத்தம், எல்லாம் அவன் சொன்ன பேச்சைக் கேட்கும். "உங்க சக்களத்தியைக் கொஞ்சி முடிச்சாச்சுன்னா சாப்பிட வாங்க" என்று மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

மகளுக்கும் அந்தப் பெட்டி என்றால் உயிர். பள்ளிக்கூடம் சேர்க்க இன்னும் வயசாகாத வாண்டு. பாட்டுப் போட்டதும் ஓடிவந்து, பெட்டியின் கீழ்ப்பக்கம் இருக்கும் காற்றுத் துளையில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். டிரம் அதிரும்போதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் காற்று அந்தத் துளை வழியே புஸ்ஸென்று வெளியே வரும். அதற்காகத்தான் அந்தத் துளையே. அவள் கூச்சத்தில் நெளிந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக அவன் இன்னும் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் செய்வான்.

தப்பு நடந்ததும் அந்தத் துளையில்தான். விளிம்பு கூர்மையாக இருந்தால் காற்று சீறும், பாட்டு கெடும். வழவழவென்று வெளிப்பக்கம் விரிந்த ஒரு வளையம் வேண்டும். மரத்தில் கடைந்து பார்த்தான், சரிப்படவில்லை. அப்போதுதான் வேலையிடத்தில் மிஞ்சிக் கிடந்த கலவை கண்ணில் பட்டது, பல் செட்டுக்கு ஈறு வார்க்கும் இளஞ்சிவப்புக் கலவை. வீட்டுக்குக் கொண்டுவந்து அதிலேயே வளையத்தை வார்த்துவிட்டான். என்ன மூளை நமக்கு என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

தரையைத் துடைத்த மறுநாளும் ஈரம். அதற்கடுத்த நாள் வாடை.

"என்னங்க, எலி கிலி செத்துக் கிடக்கா பாருங்க. அந்த ரூம் பக்கமே போக முடியல" என்றாள் மனைவி.

"பசை நாத்தம். காஞ்சா போயிடும்."

"பசையா? தூங்கி எழுந்து பல்லு விளக்காத வாய் மாதிரி நாறுது."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்த வாடை எதுவென்று முதல் மூச்சிலேயே தெரிந்துகொண்டு, வெளியே சொல்லாமல் விழுங்கியிருந்தவன் அவன்.

ஸ்பீக்கரைக் கழற்றிப் பெட்டிக்குள் கையை விட்டான். எதிரொலி அடங்குவதற்காக அடைத்திருந்த பஞ்சு நனைந்து ஊறி, கன்னத்தில் அடக்கி மென்று மறந்துபோன கவளம் போலக் கொழகொழவென்று கையோடு வந்தது. அதற்குள் பிஸ்கட். ஊறி நைந்த ரொட்டி. பாதி கரைந்த வாழைப்பழம். எலி இல்லை. கொல்லைப்புறத்துக்கு ஓடி வாந்தியெடுத்தான்.

"யாரு இதுக்குள்ள தின்பண்டம் போட்டது?"

"நான்தான்" என்றாள் மகள், ஒளிவுமறைவே இல்லாமல். "அதுக்குப் பசிக்குதுப்பா."

சொல்லிவிட்டு, திட்டு விழுமோ என்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவன் பிடித்து இழுத்துப் பார்த்தான். பிஞ்சு விரல்கள் வெளுத்து, வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவை போலச் சுருங்கியிருந்தன. முகர்ந்தான். அதே வாடை.

"சப்பும்பா. கன்னுக்குட்டி மாதிரி. வலிக்காது."

மகளைச் சமையலறைக்குத் துரத்தினான். ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைப் பிடுங்கினான். வால்வுகள் மங்கி, கண்ணாடி ஆறும் சத்தம் ஒன்றிரண்டு முறை கேட்டு அடங்கியது. பெட்டிக்குப் போகும் ஒயரையும் வெட்டியெறிந்தான். இனி இது வெறும் மரம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, துளைக்கு நேராகக் கையை நீட்டினான்.

காற்று வந்தது. வெதுவெதுப்பாக. உள்ளே போனது. மறுபடி வந்தது.

வளையத்தைப் பெயர்த்துவிட்டால் போதும் என்று அரத்தை எடுத்து ராவினான். காய்ந்து கல்லாகியிருக்க வேண்டியது அமுங்கிக் கொடுத்தது. ஓரிரு இழுப்புக்கு மேல் அவனால் முடியவில்லை. ராவிய இடம் வீங்கி, மினுமினுத்து, மெல்ல ரத்தம் கசிந்தது. ஈறுகளைப் பார்த்தே பிழைத்தவன் அவன். அது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பாவம்பா அது" என்றது கதவோரத்துக் குரல். மகள்தான்.

"இவளைப் பிடி" என்று மனைவியிடம் கத்தினான். "இந்தப் பக்கமே விடாத. இதை இப்பவே கொளுத்திடப் போறேன்."

"நிஜமாவா? பெத்த புள்ளை மாதிரி பாத்தீங்களே."

"பிடின்னா பிடி."

பெட்டி ஒற்றையாளாகத் தூக்க முடியாத கனம். பக்கத்து வீட்டு டிரைவரைக் கூப்பிட ஓடினான். டிரைவர் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார். திரும்புவதற்குள் வானம் கறுத்து, சாயங்காலமே இருட்டி, பெரிய பெரிய தூறலாக விழத் தொடங்கியது. மனைவி மாடியில் துணிகளை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா எங்க?" என்று கீழிருந்தே கேட்டான்.

"டிவி முன்னாடிதானே உக்கார வெச்சேன்."

டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் யாருமில்லை.

பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அந்த வாடை. கண்ணைக் கரிக்கும் அளவுக்கு. மகள் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கைவரை துளைக்குள்.

"பாப்பா." வாசலிலேயே நின்றான். "கையை எடும்மா. மெதுவா."

"திட்டாதீங்கப்பா. பாவம், அதுக்குப் பல்லே இல்ல. பிஸ்கட்டைக்கூட ஊற வெச்சுத்தான் தின்னுது." அவள் முகத்தில் அவ்வளவு கரிசனம். "நீங்கதான் எல்லாருக்கும் செஞ்சு தர்றீங்களே. அதான் உங்க பையிலேர்ந்து ஒரு செட் எடுத்துக் குடுத்தேன். சரியாப் பொருந்திடுச்சு."

பக்கத்தில் போனான். மண்டியிட்டான். இளஞ்சிவப்பு வளையம் அவள் கையை இறுக்கமாகக் கவ்வியிருந்தது. அதன் ஈர விளிம்பில், கைக்கு மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. ஒவ்வொன்றாக அவனே ஒட்டியவை. அவனே மெருகேற்றியவை.

பிரிக்க வேண்டும். விரலை உள்ளே விட்டு, அந்த எச்சிலுக்குள், அந்தச் சூட்டுக்குள், இரண்டு வரிசையையும் பிடித்து விலக்க வேண்டும். கை நீண்டது. தொட்டது. வழுவழுப்பு. கொழகொழப்பு. குமட்டிக்கொண்டு வந்தது. கை கூசித் தானாகப் பின்னால் இழுத்துக்கொண்டது.

ஒரு கணம்தான்.

உள்ளே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்த காற்று நின்றது.

மகளின் முகம் மெல்ல மாறியது. கீழுதடு பிதுங்கியது.

"அப்பா" என்றாள். "அது இப்ப சப்பலைப்பா."